நாற்றுமேடையில் செருப்புத் தடம்

எங்கள் தோட்டக் கிணற்றடியில் இப்போது மெசின் இறைக்கிறது. கயிற்றைச் சுற்றி ஓர் இழுவை இழுத்தால் போதும், மண்ணெண்ணெய்ப் புகையோடு தண்ணீர் வாய்க்காலில் வந்து விழும். நான் வரம்பில் இருந்து வெற்றிலை போடலாம். தண்ணீர் இறைத்த பழைய துலாவைத் தாங்கிய இரண்டு ஆடுகால்களில் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் மாடு கட்டுகிறோம்.

அந்த மரத்தைப் பார்க்கும்போது துலாவின் சத்தம் நினைவு வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு முதலில் நினைவு வருவது என் முழங்காலுக்குள் இருந்த களைப்பு. இரண்டு மூன்று வருடம் அது என்னோடு இருந்தது. விடிய எழும்பும்போது எனக்கு முன்னமே எழும்பிவிடும். அது ஒரு வருத்தம், ஒரு நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுன்னாகத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. ஐயா காலமான பிறகு தோட்டத்தை அண்ணை பார்த்தார். நான் அவருக்குக் கை. கோடையில் வெங்காயம், மாரி தொடங்கப் புகையிலை. இறைப்பு நாளில் கிழக்கு வெளுக்க முன்னமே மூன்று பேரும் தோட்டத்தில் நிற்போம். அண்ணை கிணற்றுக் கட்டில் நின்று தண்ணீர் மொள்ளும் பட்டையை இறக்கி ஏற்றுவார். நான் மேலே துலா மரத்தில் நின்று, முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து அதை மிதிப்பேன். நான் முன்னுக்கு நடக்கப் பட்டை கிணற்றுக்குள் போகும். பின்னுக்கு நடக்க நிறைந்து மேலே வரும். அண்ணையின் மனைவி, என் மச்சாள், கீழே பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். துலா மிதிப்பவன் நின்றால் எல்லாம் நிற்கும்.

ஒரு நாள் நான் நின்றேன். வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தோம். சூரியன் பனைகளுக்கு மேலே வந்த நேரம், கண்ணுக்குள் கறுப்புப் பூச்சி பறந்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. விழுந்துவிடுவேன் என்று பயந்து, கைப்பிடியாகக் கட்டியிருந்த மூங்கிலைப் பிடித்தபடி துலா மரத்தில் குந்திவிட்டேன்.

கீழே இருந்து அண்ணை கத்தினார்.

"டேய்! என்னடா மேலை குந்திக்கொண்டு இருக்கிறாய்? காகத்துக்குக் காவலோ?"

"இளைக்குது அண்ணை."

"இளைக்குதோ? நாலு நடை நடக்க முன்னம் இளைக்குதோ? உனக்கு வந்திருக்கிறது பஞ்சியடா, பஞ்சி!"

பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலாலே தலையை நீட்டினார். அவருக்கு எங்கள் வீட்டுச் சண்டை என்றால் கற்கண்டு.

"தம்பிக்கு ஒரு தலகாணி குடுத்து விடுமன்," என்றார் அண்ணையிடம். "துலாவிலை நல்ல காத்து."

 வாய் திறந்து சொல்லுகிற பழக்கம் எனக்கு எப்போதும் குறைவு. யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். எழும்பி மிதித்தேன். அன்று முழுதும் என் நெஞ்சு அடிப்பது அண்ணைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே மிதித்தேன்.

பஞ்சி என்ற சொல் அன்றிலிருந்து என் பெயரைப்போல ஆகிவிட்டது. அதை நானும் நம்பினேன். ஒரு மனிதன் நித்திரை கொண்டு எழும்பியும் களைத்துப்போய் இருக்கிறான் என்றால், அது சோம்பல் இல்லாமல் வேறு என்ன? நாளைக்குப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுப்பேன். நாளைக்கும் அதேதான்.

அம்மா நாவூறு என்றா. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டா. கோயிலில் நூல் கட்டினா. பரியாரியார் நாடி பார்த்து, "இரத்தம் வெளுத்துப் போச்சு" என்று சொல்லி அயச்செந்தூரம் தந்தார். தேனில் குழைத்துச் சாப்பிட்டேன். அதில் ஒரு மாதம் எனக்குக் கால் லேசாக இருந்தது உண்மை. மருந்து முடிந்தது, களைப்பு திரும்பி வந்து தன் பழைய இடத்தில் இருந்துகொண்டது. பரியாரியாரைக் குறை சொல்ல ஏதும் இல்லை. இரத்தம் குறைந்ததை அவர் கண்டார். அது எங்கே போகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. பச்சையரிசி தின்பது. அடுக்களைப் பானைக்குள் கை விட்டு ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவேன். தோட்டத்தில் ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்துச் சப்புவேன். அந்த மாவுருசியும் பல்லில் நொறுங்கும் சத்தமும் இல்லாமல் எனக்கு ஏலாது. அம்மா கண்டுபிடித்துவிட்டா.

"அரிசி தின்னாதை மோனை. உன்ரை கலியாணத்தண்டு மழைதான் பெய்யும்."

அம்மாவின் சொல் பலித்தது. சில வருடம் கழித்து, பங்குனி வெயிலில் வைத்த என் கலியாணத்தில் ஒரு பாட்டம் மழை பெய்து பந்தலை நனைத்தது. "உவன் திண்ட அரிசிக்கு உது காணாது," என்று அண்ணை சபையில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். ஆனால் நான் சொல்ல வந்த காலத்தில் எனக்குக் கலியாணம் ஒரு எட்டாத கதை. பஞ்சிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஆவணியில் அத்தான் வந்தார். அக்காவின் புருஷன். தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் அவருக்குப் பலசரக்குக் கடை இருந்தது. வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். நல்லூர்த் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும். வரும்போது மினுக்கிய சப்பாத்தும், அம்மாவுக்கு ஒரு பெட்டி பிஸ்கற்றும். அந்தமுறை அண்ணை அவரிடம் என் கதையை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"துலா மிதிக்க ஏலாதவனை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது அத்தான்? கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டிக் கிடக்கு."

"என்னோடை விடும். கடையிலை வெய்யிலோ மழையோ? முன்னுக்கு நிண்டு வாற சனத்தோடை சிரிச்சுக் கதைச்சால் சரி. சிங்களமும் தன்பாட்டிலை வரும்."

 வாற சனத்தோடு சிரித்துக் கதைப்பது! நான் கோயிலில் விபூதி வாங்கவே கடைசி ஆளாக நிற்பவன். எங்கள் ஒழுங்கையில் எதிரே யாரும் வந்தால் வேலிப்பக்கம் திரும்பி நின்று எதையாவது பார்க்கிற மாதிரிப் பார்ப்பவன். தோட்டத்தில் வெங்காயம் என்னிடம் ஒன்றும் கேட்காது. அந்தச் செம்மண்ணை விட்டு, நாள் முழுதும் புதுமுகங்களுக்கு முன்னால் நிற்பதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. இதைச் சொன்னால் யாருக்கு விளங்கும்? கடை என்றால் மற்றவர்களுக்கு அது அதிர்ஷ்டம்.

"தைப்பொங்கலுக்கு வருவன்," என்றார் அத்தான். "அதுக்குள்ளை உவன் ஒழுங்காத் துலா மிதிச்சானெண்டால் இஞ்சை இருக்கட்டும். இல்லாட்டி என்னோடை கூட்டிக்கொண்டு போறன்."

அண்ணை ஓம் என்றார். அதோடு முடிந்தது. தைக்கு முன்னம் இந்தக் களைப்பைக் கண்டுபிடித்து விரட்டவேண்டும். இல்லாவிட்டால் ரயில் ஏறவேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னது மச்சாள். நாற்றுமேடையில் களை பிடுங்கிக்கொண்டு, நிமிராமலே சொன்னா.

"தம்பி, உங்கடை நகத்தைப் பாருங்கோ. வெள்ளைச் சோழிமாதிரிக் கிடக்கு. பஞ்சிக்கு நகம் வெளுக்குமே?"

புரட்டாசி பிறந்து, புகையிலைக்கு நாற்று மேடை போட்டிருந்த காலம் அது. நாற்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அதற்கென்று எங்கள் தோட்டத்தில் ஓர் இடம் இருந்தது. மேற்குப் பக்கம், வடலிக் கரையோடு. இளம் பனைகள் அடர்ந்து நின்ற அந்த வடலியின் நிழல் பகல் முழுதும் மேடையில் விழும். விடியவும் பொழுதுபடவும் குடத்தால் தண்ணீர் தெளிப்பது என் வேலை, களை பிடுங்குவது மச்சாளின் வேலை. அந்த மாதங்களில் அண்ணை அங்கே அதிகம் வரமாட்டார். எருவுக்கும் சந்தைக்கும் வண்டிலோடு திரிவார்.

நான் தனியே ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், படலை வாசலோடு திரும்பிவிடுவேன் என்று அண்ணைக்குத் தெரியும். ஆகவே சைக்கிளில் தானே ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். டொக்டர் முன்னால் என்னைக் கதிரையில் இருத்தி, என் வாய்க்குப் பதிலாகத் தானே கதைத்தார்.

"பஞ்சி டொக்டர். வேறை ஒண்டுமில்லை."

டொக்டர் வயதானவர், மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில். என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கேட்டார்:

"சாப்பாடில்லாத சாமான் ஏதும் தின்னுறனீரோ? மண், சாம்பல், அரிசி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரிசியோ! பானையைக் காலியாக்கிறது இவன்தான். அம்மா சொல்லுறா, இவன்ரை கலியாணத்துக்கு வெள்ளம் போடுமாம்."

டொக்டர் சிரிக்கவில்லை. "செருப்பைக் கழட்டும்," என்றார் என்னிடம்.

"செருப்பு இல்லை."

கால் விரல்களுக்கு இடையில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மாரி தொடங்க அந்த இடத்தில் கடி வருமோ என்று கேட்டார். வரும் என்றேன். சேற்றுக்கடி என்று வேப்பெண்ணெய் பூசுவோம். பிறகு ஒரு துண்டில் ஏதோ எழுதி, அடுத்த நாள் காலை மலம் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சுவரைப் பார்த்தார். 

அடுத்த நாள் அவர் வரவில்லை. எருவுக்குப் போகவேண்டும் என்றார். நான் தைலம் வந்த ஒரு சின்னத் தகரப் பேணியில் அதை எடுத்து, மூடி, வாழையிலையில் சுற்றி, வாழைநாரால் கட்டி, வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு சுன்னாகத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு வயதான மனுசி, மடியில் கத்தரிக்காய்க் கடகம். மருதனார்மடம் வரை சும்மா இருந்தா. பிறகு என் கை எதையோ பொத்திப் பிடித்திருப்பதைக் கண்டுவிட்டா.

"என்ன ராசா அது, இவ்வளவு பக்குவமாய்? கோயில் பிரசாதமோ?"

நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அது அவவுக்கு ஓம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

"எந்தக் கோயில்? வாழையிலையிலை கட்டித் தந்திருக்கினம், நல்ல ஐயராக்கும். ஒரு சொட்டு எனக்கும் தா மோனை. இந்தத் தோள்மூட்டு படுத்துறபாடு!"

கையை நீட்டினா. முன் வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்து ஒழுகியது. தட்டாதெருச் சந்தியில் பஸ் நின்றதும் பாய்ந்து இறங்கிவிட்டேன். "பிரசாதத்தை ஒளிக்கிறான் பார், இந்தக் காலத்துப் பிள்ளையள்!" என்று அவ சொல்வது கேட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியில் மதகுகளைக் காணும்போதெல்லாம் எறிந்துவிட்டுப் போகலாம் என்று மனம் சொன்னது. அத்தானின் கடையை நினைத்துக்கொண்டேன். பேணி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, கொழுக்கிப் புழு என்றார் டொக்டர். குடலில் கொழுவிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அண்ணையும் அன்று வந்திருந்தார். அவருக்குத்தான் அதிகம் சொன்னார்.

"வெளிக்கு எங்கை போறனீங்கள்?"

"வடலிக்குள்ளை," என்றார் அண்ணை. எல்லோரும் போகிற இடம். அதில் என்ன கேள்வி என்பதுபோலச் சொன்னார்.

"வடலிக்குப் பக்கத்திலை ஈரமான இடம் ஏதும் இருக்கோ? வெறுங்காலோடை நிக்கிற இடம்?"

 நான்தான் சொன்னேன். அந்த அறையில் நானாக வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான்.

"நாத்துமேடை."

புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போகும், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிக்கும், வெறுங்காலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நாங்கள் நாற்றுக்குத் தேடித் தேடி எடுத்த நல்ல இடம் அதற்கும் நல்ல இடமாக இருந்திருக்கிறது. கிணற்றுக் கட்டில் நின்ற அண்ணைக்கு ஒன்றும் இல்லை. வெறுவயிற்றில் ஒரு மருந்தை அங்கேயே வாங்கில் இருத்திக் குடிக்கத் தந்தார்கள்; தலை சுற்றியது. பிறகு சாப்பிட இரும்புக் குளிசை. ஈரல், மீன் சாப்பிடலாமோ என்று டொக்டர் கேட்டதற்கு, "நாங்கள் சைவம்" என்றார் அண்ணை. "அப்ப முருங்கையிலையைத் திண்டு முடிக்கச் சொல்லும்," என்றார் டொக்டர். "எல்லாத்துக்கும் மேலாலை, செருப்புப் போடாமல் தோட்டத்துக்குள்ளை இறங்கக் கூடாது. வளவுக்குள்ளை ஒரு கக்கூசும் கட்ட வேணும். இல்லாட்டி மருந்து குடிச்சுப் பிரயோசனமில்லை, திரும்பவும் வரும்."

அண்ணை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். கொக்குவில் வரை ஏறவில்லை.

"மருந்தைக் குடி," என்றார் கடைசியில். "மற்றக் கதையளை விடு. தோட்டத்துக்குச் செருப்போ? புகையிலை மேடையைச் செருப்புக்காலாலை மிதிக்கிறதோ? ஐயா இருந்தால் கையை முறிச்சிருப்பார்."

இது எங்கள் பக்கத்தில் விளையாட்டான விஷயம் இல்லை. செருப்பு வைத்திருந்தவர்களும் வரம்பில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பயிருக்குள் இறங்குவார்கள், கோயில் வாசலில் கழற்றுவதைப்போல. கக்கூசும் அப்படித்தான். சாமி அறையும் அடுக்களையும் இருக்கிற வளவுக்குள் அதைக் கட்டுவது பட்டணத்தாரின் அசிங்கம். வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்றுதான் எங்கள் ஆட்கள் வடலிக்குப் போனார்கள். வளவு சுத்தமாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்வது? அண்ணையை எதிர்க்க எனக்கு வராது. ஆனால் தை வந்துகொண்டிருந்தது. சுன்னாகம் சந்தையடியில் ஒருவர் பழைய லொறி ரயரை வெட்டிச் செருப்புச் செய்து விற்பார். ஒரு சோடி வாங்கினேன். அதைக் கடகத்தில் சாணத்துக்கு அடியில் ஒளித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன். யாரும் எழும்ப முன்னம் போட்டுக்கொண்டு மேடைக்குத் தண்ணீர் தெளிப்பேன். முடிந்ததும் கழுவித் திரும்ப ஒளித்துவிடுவேன். தடம் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுதும் வெறுங்காலோடு திரிந்தவனுக்கு அந்த யோசனை எப்படி வரும்?

ஒரு நாள் அண்ணை தற்செயலாக மேடைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"நாத்துக் கள்ளன் வந்திருக்கிறான். செருப்புக் கால் தடம். எங்கடை ஊர்க்காரன் ஒருத்தனும் மேடையிலை செருப்போடை ஏறான். உது வெளியாள். இண்டைக்கு இரா நான் காவல்."

அம்மா நெஞ்சில் கை வைத்தா. மச்சாள் என்னைப் பார்த்தா. நான் பொன்னாங்காணிக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அடுத்த நாள் விடியற்காலை போகாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நாற்றுக்குத் தண்ணீர் விடாமல் இருக்க ஏலாது. கள்ளனுக்குக் காவல் இருக்கிற அலுப்பில் அண்ணை நித்திரையாகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். செருப்பைப் போட்டேன். குடத்தோடு மேடையில் கால் வைத்ததுதான் தாமதம், வடலிக்குள் இருந்து ஒரு சத்தம் பாய்ந்தது.

"ஆரடா அது! அசைஞ்சியோ, காலை முறிப்பன்!"

மண்வெட்டிப் பிடியை ஓங்கியபடி அண்ணை வந்தார். குடம் என் கையில் இருந்து விழுந்து உடைந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். பிடி இறங்கியது.

"நீயோ?"

"ஓம் அண்ணை."

"எட, உன்ரை மேடைக்கு நீயே கள்ளனோ!"

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டக்காரரும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, தோட்டத்துக்கோ கச்சேரி உத்தியோகத்துக்கோ?" என்றார். மண் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"கழட்டடா உதை," என்றார் அண்ணை.

நான் குனிந்தேன். வார் இறுகியிருந்தது. அப்போது வரம்பில் தேத்தண்ணிச் செம்போடு வந்த மச்சாள், "கழட்டாதேங்கோ தம்பி," என்றா.

அவ அண்ணைக்கு முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. செம்பை வரம்பில் வைத்துவிட்டு அண்ணையின் அருகில் வந்து, தன் கீழ் இமையைத் தானே விரலால் இழுத்துக் காட்டினா.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ. டொக்டர் தம்பிக்குப் பார்த்ததெண்டு சொன்னியள். நான் கண்ணாடியிலை பார்த்தனான். சிவப்பு இருக்கோ?"

அண்ணை பார்த்தார். நானும் பார்த்தேன். கோழிமுட்டைக் கோதுபோல இருந்தது.

"நானும் இந்த மேடையிலைதானே நிக்கிறன். காலுக்குள்ளை ஈயம் ஊத்தினமாதிரி எனக்கும் கிடக்கு. அரைச்சு எழும்பினால் கண் இருட்டும்."

"எத்தனை நாளாய்?"

"நாளோ? போன வருசம் வெங்காயம் கிண்டக்கையும் கிடந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

வேலிக்காரர் மெதுவாகத் தலையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பஞ்சி என்று பெயராவது இருந்தது. நான் குந்தினால் துலா நின்றது, துலா நின்றால் எல்லோரும் கத்தினார்கள். மச்சாள் குந்தவே இல்லை. ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. துலாவின் மேலே நின்று நான் எத்தனையோ காலை அவவைப் பார்த்திருக்கிறேன், பாத்தியிலிருந்து பாத்திக்கு மண்வெட்டியை ஊன்றி ஊன்றி நடப்பதை. அது அவவின் நடை என்று நினைத்திருந்தேன்.

அண்ணை அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்தார். மச்சாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். அந்த முறை பேணியைத் தானே மடியில் வைத்துக்கொண்டு போனார் என்று பிறகு மச்சாள் சொல்லிச் சிரித்தா. அவவுக்கும் அதே புழு. அவவுக்கு என்னைவிடக் குறைவான இரத்தம்.

அடுத்த நாள் வளவின் கோடியில், கிணற்றுக்கு எட்டத்தில், அண்ணை கக்கூசுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கினார். மேல்மண் முடியக் கல் வந்தது. அலவாங்கு பட்டுப் பொறி பறந்தது. அம்மா முற்றத்தில் நின்று தலையில் கை வைத்தா.

"சாமி அறை இருக்கிற வளவடா! இந்த அசிங்கத்தை வீட்டுக்குள்ளை கொண்டு வாறியோ?"

அண்ணை வேர்வையைத் துடைத்தார். "சாமிக்கு ஒண்டும் நடவாதணை. இவளுக்குத்தான் நடக்கும்."

 தென்னங்கிடுகால் அடைத்த அந்தக் கக்கூசுக்கு முதல் ஆறு மாதம் அம்மா போகவே இல்லை. பிறகு ஒரு மழைக்காலம், வடலிக்குள் சறுக்கி விழுந்ததோடு மனம் மாறினா.

நாற்றுமேடையை அந்த வருடமே கிணற்றடிக்குப் பக்கமாக மாற்றி, நிழலுக்குத் தென்னோலை குத்தினோம். சந்தையடியில் இன்னும் இரண்டு சோடி ரயர்ச் செருப்பு வாங்கினோம். மச்சாள் முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வாத்தைப்போல நடந்தா. அண்ணை தன் சோடியை ஒரு கிழமை வண்டிலில் வைத்துக்கொண்டே திரிந்தார். பிறகு ஒருநாள் காலில் இருந்தது. 

களைப்பு ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் அரிசி ஆசை போனது. பானையைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று ஒருநாள் பிறகுதான் தெரிந்தது. காதுக்குள் இருந்த வண்டு போனது. பிறகு ஒரு மார்கழிக் காலை, கோயில் சங்கு ஊதும் சத்தத்தில் விழித்து, பாயில் படுத்திருந்தபடியே எனக்கு ஏதோ குறைகிறது என்று யோசித்தேன். என்னவென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. களைப்பில்லை. எனக்கு முன்னம் அது எழும்பியிருக்கவில்லை. அந்தச் சங்கொலியும், அடுக்களையில் மச்சாள் முருங்கையிலை உருவிக்கொண்டு அம்மாவோடு கதைத்த சத்தமும் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. நல்ல நித்திரைக்குப் பிறகு மனிதர் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அத்தான் வந்தார். நாங்கள் புகையிலைக்கு இறைத்துக்கொண்டிருந்தோம். மேலே இருந்து பார்க்கிறேன். ஒழுங்கையால் வருகிறார், வெள்ளை வேட்டி, மினுக்கிய சப்பாத்து. என் கால் ஒரு தரம் தடுமாறியது. களைப்பில் இல்லை, பயத்தில். பிறகு மிதித்தேன். முன்னுக்கு, பின்னுக்கு. பட்டை நிறைந்து வந்தது, கவிழ்ந்தது, திரும்ப இறங்கியது. எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவர் வரம்புக்கு வந்து சேரும்வரை நான் கீழே பார்க்கவே இல்லை.

"என்ன, பயணத்துக்கு ஆயத்தமோ?" என்று அத்தான் கீழே இருந்து கூப்பிட்டார்.

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். 

அண்ணை பட்டைக் கயிற்றை விடாமலே சொன்னார். "அவன் வரான் அத்தான். துலா மிதிக்கிறவனைக் கொண்டுபோனால் ஆர் இறைக்கிறது?"

அத்தான் கொஞ்ச நேரம் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். பயிரைக் கிட்டப் பார்க்க உள்ளே வர நினைத்து, ஊர்ப் பழக்கத்தில் வரம்பில் குனிந்து சப்பாத்து லேசை அவிழ்க்கத் தொடங்கினார்.

"கழட்டாதேங்கோ அத்தான்," என்றார் அண்ணை. "போட்டுக்கொண்டு வாங்கோ."

அத்தான் நம்பாமல் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய காலைப் பார்த்தார். தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த மச்சாளின் காலையும் பார்த்தார். அந்த மினுக்கிய சப்பாத்தோடு, முள்ளில் மிதிப்பவர்போல, செம்மண்ணில் ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். மச்சாள் வாயைப் பொத்திச் சிரித்தா. நான் வெறுங்காலோடு, மண் படாத என் மரத்தில், முன்னுக்கு நடந்தேன்.